இரண்டு தட்டினால் சரி

ஜனவரி 6, திங்கள்

இந்த டைரி இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் கொடுத்தது. வீட்டுக்காரி சுலோச்சனா கோலம் வரைந்து பார்க்கக் கேட்டாள், கொடுக்கவில்லை. இந்த வருஷம் எழுதலாம் என்று எண்ணம். எத்தனை நாள் ஓடுகிறதோ பார்ப்போம். வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது. அவள் இப்போதெல்லாம் வாய்க்குள்ளேயே பேசுகிறாள். என்ன என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறாள். அந்த "ஒண்ணுமில்ல" மட்டும் தெளிவாக வருகிறது.

நான் வேலை பார்க்கும் ஹாங்கருக்கு ஒரு விமானம் பழுதுபார்க்க வந்திருக்கிறது. இரண்டு விசிறி வைத்த பழைய வண்டி. கழிவறைக் குழாய் எப்போதோ ஒழுகி, வால் பக்கத்து அடிவயிற்றுத் தகடு அரித்துப்போயிருக்கிறது. பழையதைக் கழற்றிவிட்டுப் புதுத் தகடு வெட்டி, வளைத்து, ரிவெட் அடித்து மாட்ட வேண்டும். ஊரே அண்ணாந்து பார்த்து விமானம் என்கிறது. இத்தனை வருஷத்தில் எனக்கு விமானம் என்றால் பெரும்பாலும் கக்கூஸ்தான்.

வழக்கம்போல நானும் ஜெசிந்தாவும். ரிவெட் அடிப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். நான் வெளியே, விமானத்தின் வயிற்றுக்கடியில் சக்கரப் பலகையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, காற்றில் ஓடும் ரிவெட் கன்னால் தலையில் அடிப்பேன். அவள் உள்ளே, தரைப் பலகை பிடுங்கிய இடத்தில் மடங்கி உட்கார்ந்து, ரிவெட்டின் வாலில் ஓர் இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிப்பாள். அதற்குப் பார் என்று பெயர். அடி விழ விழ வால் நசுங்கித் தட்டையாகித் தகட்டை இறுக்கிக்கொள்ளும். அவள் கண்ணுக்கு நான் தெரிய மாட்டேன், என் கண்ணுக்கு அவள் தெரிய மாட்டாள், நடுவில் தகடு. ஆகவே தட்டுதான் பேச்சு. ஒரு தட்டு என்றால் அடி. இரண்டு தட்டு என்றால் சரி, அடுத்ததுக்குப் போ. மூன்று தட்டு என்றால் கெட்டுப்போச்சு, துளைத்து எடு. இந்த மூன்று வார்த்தையிலேயே நாங்கள் பதினோரு வருஷம் ஓட்டியிருக்கிறோம். சுலோச்சனாவோடு அத்தனை வார்த்தை பேசியும் இவ்வளவு ஒழுங்காக ஓடவில்லை.

ஜனவரி 7, செவ்வாய்

கழுத்து வலி. வேறு விசேஷமில்லை.

ஜனவரி 9, வியாழன்

பழைய ரிவெட்டுகளை டிரில் போட்டு எடுத்தோம். முகமெல்லாம் அலுமினியத் தூள். சாயங்காலம் ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் இருந்த பெண் நகர்ந்து உட்கார்ந்தாள். கக்கூஸ் வாடை போகவில்லை போலிருக்கிறது.

எல்லோருக்கும் புதிதாகக் காது மூடி கொடுத்தார்கள். ஹெட்போன் மாதிரி தலையில் மாட்டுவது. நான் எப்போதும் இடது பக்கத்தைக் காதுக்கு மேலே தூக்கிவிட்டுத்தான் வேலை செய்வேன். அந்தக் காதும் மூடியிருந்தால் ஜெசிந்தாவின் தட்டு கேட்காது. கேட்காமல் கன்னை அழுத்தினால் உள்ளே அவள் விரல் இருக்கும். என்னிடம் வருவதற்கு முன்பு ஒருவன் அப்படி அழுத்தித்தான் அவளுடைய ஆள்காட்டி விரல் நகம் இன்றைக்கும் கோணலாக வளர்கிறது. நான் ஒருநாளும் தட்டு விழாமல் அழுத்தியதில்லை. சேஃப்டி ஆபீசர் வரும்போது மட்டும் மூடியை இறக்கிக்கொள்வேன். அவர் ஷூ சத்தம் வெகுதூரத்திலேயே கேட்டுவிடும். இப்போது ரப்பர் ஷூ வாங்கியிருக்கிறார் போல, இன்று பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான் பார்த்தேன். திட்டு வாங்கினேன்.

ஜனவரி 13, திங்கள்

போகி. லீவு. விடியற்காலையில் விழித்துப் படுத்திருந்தேன். பம்மலில் எங்கள் தெருவில் போகி என்றால் பிள்ளைகள் மேளம் அடித்தே ஆளை எழுப்பிவிடுவார்கள். இந்த வருஷம் ஒரு பிள்ளையும் அடிக்கவில்லை. எல்லாம் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு தூங்குகின்றன. பழைய பாயை எரிக்க வெளியே வந்தபோது தெருவில் புகை மட்டும் இருந்தது. மனசுக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். அரக்கோணத்திலிருந்து சுலோச்சனாவின் தம்பி குடும்பத்தோடு வந்து நேற்று முன்தினமே டேரா. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்றேன். "கேட்டேனே. பேப்பர் படிச்சிக்கினே சரி சரின்னு தலையாட்டினீங்க" என்றாள். நான் எதற்கும் சரி சரி என்பவன்தான். வீட்டில் அமைதி நிலவ அதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. ஆனால் இதற்கு நான் சரி சொன்னதாக ஞாபகமே இல்லை.

சாப்பிடும்போது மச்சான் சொன்னான்: "உங்க தெருவுல போகி மேளம் காதக் கிழிச்சிட்டாங்க மாமா. பசங்க பொட்டுத் தூக்கம் தூங்கல."

வெளியூர்க்காரர்களுக்கு எல்லாமே பெரிய சத்தம்தான். வடை நன்றாக இருந்தது.

ஜனவரி 17, வெள்ளி

புதுத் தகடு வெட்டி முடிந்தது. ஷியரிங் மெஷினில் ஓரம் வெட்டி, வளைக்கும் மெஷினில் கொடுத்து, பழைய தகட்டோடு வைத்துப் பார்த்து, மறுபடி வளைத்து, அரத்தால் விளிம்பு ராவி, இரண்டு நாள் போய்விட்டது. முட்டி இரண்டும் தனித்தனியாக வலிக்கின்றன. இன்னும் ஒன்றரை வருஷம், பிறகு ரிட்டயர்மெண்ட். அதுவரை இந்தக் கன் என் கையில் இருந்தால் போதும். ஸ்டோரில் உட்கார்ந்து மற்றவனுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பிழைப்பு வேண்டாம்.

மதியத்திற்கு மேல் ரிவெட் ஆரம்பித்தோம். இந்த ரிவெட்டை ஐஸ் பெட்டியில் வைத்திருப்பார்கள். குளிரில் இருக்கும்வரை மெத்தென்று இருக்கும், வெளியே எடுத்துச் சிறிது நேரத்தில் விறைத்துவிடும். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, விறைப்பதற்குள் அடிக்க வேண்டும். ஓட்டமும் சாட்டமும்தான். கடைசி வரிசையில் சில ரிவெட்டுகள் அப்பளமாகிவிட்டன. அளவுக்கு மேல் அடி. துளைத்து எடுத்து வேறு போட்டோம். ஜெசிந்தா வெளியே வந்ததும், "சரின்னு முன்னாலயே தட்ட வேணாமா? நான் அடிச்சிக்கினே இருக்கேன்" என்றேன்.

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். "நாளைக்கு சீக்கிரம் தட்டறேண்ணே" என்றாள்.

நல்ல பெண். சொன்னால் கேட்டுக்கொள்வாள்.

ஜனவரி 20, திங்கள்

ஜெசிந்தா தட்டும் முறையை மாற்றியிருக்கிறாள். இத்தனை வருஷமும் விரல் முட்டியால் தட்டுவாள். இன்று கையில் பிடித்திருக்கும் பாரின் முனையால். ஏன் என்று கேட்டதற்கு முட்டி வலிக்கிறது என்றாள். வயசு நாற்பதுதான் ஆகிறது, அதற்குள் முட்டி வலி. பரங்கிமலையிலிருந்து சைக்கிளில் வருகிறாள், வீட்டில் அம்மாவும் தங்கையும் இவள் ஒருத்தி சம்பளத்தில், இங்கே வந்தால் நாள் முழுக்க இரும்பைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். வலிக்காமல் என்ன செய்யும்.

நோட்டீஸ் போர்டில் வருடாந்தர மெடிக்கல் தேதி ஒட்டியிருந்தார்கள். பிப்ரவரி 6. கண், ரத்தம், காது. காதுக்கு ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்கார வைத்து பீப் பீப் என்று விடுவார்கள், கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. கூண்டுக்கு வெளியே மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண் ஒவ்வொரு பீப்புக்கும் தோளை லேசாக அசைப்பாள். அதைப் பார்த்து அழுத்தினால் போதும். போன வருஷம் எனக்கு முதல் தரம் போட்டுக் கொடுத்தார்கள். எல்லோரும் செய்வதுதான். மெஷினுக்கும் ஆயிரம் கோளாறு இருக்கும், அதை நம்பி ஒருவன் வேலையை விட முடியுமா.

ஜனவரி 22, புதன்

ஜெசிந்தாவின் விரலில் அடி. அதே ஆள்காட்டி விரல். மாலை நான்கு மணி இருக்கும். ஒரு தட்டு விழுந்தது, அழுத்தினேன், தகட்டுக்கு அந்தப் பக்கம் ஏதோ குரல் மாதிரி இருந்தது, நிறுத்திவிட்டேன். வெளியே வந்தபோது கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னாச்சு?"

"சட்டத்துல இடிச்சிக்கினேண்ணே."

"நான் அடிக்கறப்பவா?"

"இல்ல இல்ல. நானே திரும்பறப்ப."

முதலுதவிப் பெட்டியிலிருந்து மருந்து எடுத்துப் போட்டுவிட்டேன். நகம் கறுத்துவிட்டது. உள்ளே இடம் குறுகல், கவனமாக இருக்க வேண்டும் என்று சொன்னேன். தலையாட்டினாள். ஒரு தட்டு விழுந்தது, அது நிச்சயம். தட்டு விழாமல் நான் அழுத்துகிறவன் இல்லை.

ஜனவரி 23, வியாழன்

நிச்சயம் விழுந்தது.

ஜனவரி 24, வெள்ளி

இன்று காலையில் ஜெசிந்தா தகட்டை உடைக்கிற மாதிரி தட்டினாள். பாரின் முனையால் ஓங்கி ஓங்கிப் போடுகிறாள். எனக்கு முகத்துக்கு நேர் மேலே தகடு. "மெதுவா தட்டும்மா. நான் இன்னா செவிடனா?" என்று கத்தினேன். பிறகு மெதுவாகத்தான் தட்டினாள். சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி பழைய குருடி கதவைத் திறடி கதைதான், நானும் ஒன்றும் சொல்லவில்லை. வேலை வேகமாகப் போயிற்று. ஒன்றுகூட அப்பளமாகவில்லை.

வரும் வழியெல்லாம் இடது காதில் வண்டு ரீங்காரம். குளித்தும் போகவில்லை. குளிர் காற்று பட்டிருக்கும்.

ஜனவரி 28, செவ்வாய்

தகடு முடிந்தது. வெளியிலிருந்து பார்த்தால் அழகாக இருக்கிறது, என் வாயால் சொல்லக்கூடாது. இன்ஸ்பெக்டர் முஹ்சின் சார் டார்ச்சும் பிடி வைத்த சிறு கண்ணாடியுமாக உள்ளே இறங்கினார். முப்பத்திரண்டு வயசுப் பையன், ஆனால் பொறுமைசாலி, யாரையும் சத்தம் போட்டுப் பேச மாட்டார். அதனால் அவர் பேசுவது பாதி எனக்குப் பிடிபடாது. வெகுநேரம் கழித்து வெளியே வந்தார். முகம் சரியில்லை.

தகட்டைத் தாங்கும் உள்பக்கச் சட்டங்களில் நெடுகக் குறிகள் இருக்கின்றனவாம். இரும்பு பட்ட பள்ளங்கள். இந்த அலுமினியத்தில் ஒரு கீறல் விழுந்தாலே அங்கிருந்து விரிசல் ஓடும், ஆகாயத்தில் அது எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆழம் குறைந்ததைத் தேய்த்து எடுக்கலாம். ஆழமானது இருக்கிற சட்டத்தை மாற்ற வேண்டும். இரண்டு வார வேலை வீண்.

ஜெசிந்தா பக்கத்தில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரி 29, புதன்

முஹ்சின் சார் அறைக்கு இரண்டு பேரையும் கூப்பிட்டார். எனக்காகக் கொஞ்சம் உரக்கவே பேசினார்.

"ரெண்டு சட்டத்துக்கு நடுவுல இருக்கற கட்டத்தை நாளைக்கு ஒண்ணா அடிச்சிருக்கீங்க, ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரே மாதிரி இருக்கு. காலையில அடிச்ச ரிவெட் பக்கத்துல அநேகமா குறி இல்ல. மத்தியானத்துக்கு மேல லேசா. சாயங்காலம் ஆக ஆக ஆழம். அதாவது கை தளருது, பார் வழுக்கி சட்டத்துல இடிக்குது. ஜெசிந்தா, அப்படித்தானே?"

"ஆமா சார். கை தளருது."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"தப்புதான் சார்."

அவளுக்கு ரிவெட் வேலைக்கான அனுமதியை நிறுத்தி வைத்திருக்கிறார். சக்கரம் கழுவும் இடத்திற்கு மாற்றல். அவள் ஒப்பந்த ஆள். மார்ச்சில் ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது இது பேப்பரில் இருந்தால் புதுப்பிக்க மாட்டார்கள். அது அவருக்கும் தெரியும், வருத்தத்தோடுதான் எழுதினார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நான் வெளியே இருப்பவன்.

எனக்கு அவள்மேல் கோபம். கை தளர்ந்தால் என்னிடம் சொல்லியிருக்கக்கூடாதா? இறங்கி டீ குடித்துவிட்டு வந்திருப்போம். மதியம் ஒரு டப்பா லெமன் சாதத்தோடு நாளை ஓட்டினால் கை ஏன் தளராது. வாசலில் அதைத்தான் சொன்னேன். "சரிண்ணே" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள். நேராக என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

ஜனவரி 30, வியாழன்

வேலை ஓடவில்லை. பொழுது போகவில்லை. டிரில் முனைகளைக் கிரைண்டரில் தீட்டிக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 1, சனி

குறிகளைத் தேய்த்து எடுக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். நம் தகடு, நாமே செய்யட்டும் என்று. இறங்குவதற்கு உடம்பு இடம் கொடுக்காது. கேபின் தரையில் குப்புறப் படுத்து, பலகை பிடுங்கிய இடத்தின் வழியே தலையையும் கையையும் தொங்கவிட்டேன். இத்தனை வருஷத்தில் ஜெசிந்தா உட்காரும் இடத்தை மேலிருந்து முதல்முறை பார்க்கிறேன். ஒரு மனுஷி அதில் எப்படி மடங்குகிறாள் என்று புரியவில்லை. அவள் வைத்துக்கொண்டு உட்காரும் பழைய துணித் தலையணை அங்கேயே கிடந்தது.

டார்ச் அடித்துப் பார்த்தேன். பார் வழுக்கினால் ரிவெட்டை ஒட்டிப் பிறை மாதிரி ஒரு வெட்டு விழும், அது எனக்குத் தெரியும். இது அப்படி இல்லை. ரிவெட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, சட்டத்தின் மேல், வேண்டுமென்றே போட்டது மாதிரி. இரண்டு பள்ளம். அடுத்த ரிவெட்டுக்கு நேராக இரண்டு. அதற்கடுத்து ஒன்று, பிறகு இரண்டு. அதற்கடுத்து மூன்று, அது நாங்கள் துளைத்தெடுத்த ரிவெட்.

கொஞ்ச நேரம் தலைகீழாகவே கிடந்தேன். ரத்தம் முகத்தில் இறங்கியது.

பிறகு ஒவ்வொரு கட்டமாக டார்ச்சை ஓட்டினேன். காலை வேலையில், நான் கத்திய 24ஆம் தேதி தவிர, ஒன்றும் இல்லை. மதியத்து வேலையில் லேசாக. மாலை ஆக ஆக ஆழம். சில இடங்களில் இரண்டு, பக்கத்திலேயே மறுபடி இரண்டு, அதற்கும் பக்கத்தில் இன்னும் ஆழமாக இரண்டு. சரி, சரி, சரி என்று அவள் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். நான் கீழே படுத்துக்கொண்டு காதில் ஏறாமல் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

கடைசியாக 22ஆம் தேதி மாலை அடித்த கட்டத்துக்கு வந்தேன். அதில் ஒரு ரிவெட்டுக்கு நேரே பள்ளமே இல்லை. அடி என்று சொல்லும் அந்த ஒற்றைப் பள்ளம்கூட இல்லை. சட்டத்தில் காய்ந்துபோன ரத்தம் கடுகளவு இருந்தது.

தேய்க்கவில்லை. எமரித் தாளைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். சுலோச்சனா ஏதோ கேட்டாள். சரி சரி என்றேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

சுலோச்சனாவிடம் கேட்டேன்: "போகி அன்னைக்கு நம்ம தெருவுல மேளம் அடிச்சாங்களா?"

என்னைப் பார்த்தாள். "மூணு மணிலேர்ந்து" என்றாள்.

பிப்ரவரி 3, திங்கள்

இடைவேளையில் ஹாங்கர் பின்புறம் போனேன். ஜெசிந்தா ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு சக்கரத்துக் கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காற்று மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, அதை அணைத்தேன்.

"எத்தினி நாளா?"

அவளுக்கு நான் எதைக் கேட்கிறேன் என்று தெரிந்துவிட்டது. எழுந்து என் எதிரில் வந்து, முகத்துக்கு நேரே நின்று பேசினாள். இப்போதுதான் யோசிக்கிறேன், ரொம்ப நாளாகவே அவள் அப்படித்தான் பேசுகிறாள்.

"ரெண்டு வருஷமா லேசா இருந்துச்சி. இந்த வாட்டிதான் ரொம்ப. காலையில நல்லா கேக்குதுண்ணே உங்களுக்கு. கன் சத்தம் ஏற ஏற அடைச்சிடுது."

"வெரலு?"

கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"நான்தானே?"

"ரிவெட் வால்ல வெரல வெச்சி தடவிப் பார்த்துட்டு இருந்தேன். நீங்க அழுத்திட்டீங்க. விடுங்கண்ணே."

"வாயத் தொறந்து சொல்ல வேண்டிதான?"

"யார்கிட்ட சொல்றது? சொன்னா உங்கள ஸ்டோருக்கு அனுப்பிடுவாங்க. ஒன்ற வருஷந்தான, ஓட்டிடலாம்னு பார்த்தேன்." கையுறையைக் கழற்றினாள். "எனக்கும் பயம்தாண்ணே. புதுசா எவன் வருவான், தட்டறதுக்கு முன்னால அழுத்துவானோ, என்னாவோ. நீங்கன்னா நிப்பீங்க. அந்த ஒரு தபா தவிர."

அந்த ஒரு தபா தவிர. அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை, கணக்குக்குச் சொன்னாள். சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"முஹ்சின் சார்கிட்ட சொல்லப்போறேன்."

"வேணாண்ணே. சொல்லாதீங்க. நான் பொய் சொன்னேன்னு ஆயிடும்."

பிப்ரவரி 4, செவ்வாய்

சொன்னேன். டார்ச்சோடு அவரைக் கூட்டிப்போய் இரண்டு இரண்டாக இருப்பதையும் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"எத்திராஜ் சார், நீங்க சொல்றதை நான் நம்பறேன். ஆனா அந்தம்மாவே கை வழுக்குச்சுன்னு கையெழுத்து போட்டுட்டாங்க. உங்க போன வருஷ மெடிக்கல்ல காது முதல் தரம்னு இருக்கு. கூட வேலை செஞ்சவங்களைக் காப்பாத்தப் பார்க்கறீங்கன்னுதான் மேல சொல்லுவாங்க."

டார்ச்சை அணைத்தேன்.

"வியாழக்கிழமை மெடிக்கல் இருக்குல்ல" என்றார். "அது வரட்டும்."

அவருக்கு அந்தத் தோள் விஷயம் தெரியுமோ என்னவோ. கேட்கவில்லை.

பிப்ரவரி 5, புதன்

நாளைக்குத் தோளைப் பார்த்து அழுத்தினால் மறுபடி முதல் தரம். கன் என் கையில். ஜெசிந்தாவுக்கு மார்ச்சோடு சரி. யாரும் என்னைக் கேட்க மாட்டார்கள். அவளே கையெழுத்துப் போட்டிருக்கிறாள். இப்படியும் யோசித்தேன் என்பதை எழுதி வைக்கிறேன். சாதத்தில் கை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

பிப்ரவரி 6, வியாழன்

கண் பார்த்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். காதுக்குப் போன வருஷத்துப் பெண்தான். கூண்டில் உட்கார வைத்து, காதில் மாட்டி, கையில் பொத்தானைக் கொடுத்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். தோள் நன்றாகத் தெரிந்தது.

கண்ணை மூடிக்கொண்டேன்.

முதலில் வலது காது. தடித்த ஒலிகள் வந்தன, அழுத்தினேன். பிறகு மெலிந்துகொண்டே போய் நின்றுவிட்டது. இடது காதுக்கு மாற்றுவதாகக் கண்ணாடியில் தட்டிச் சைகை செய்தாள். மறுபடி கண்ணை மூடிக்கொண்டேன். ஆரம்பத்தில் தூரத்து பஸ் மாதிரி ஒன்றிரண்டு வந்தது. அதன் பிறகு ஒன்றும் இல்லை. மெஷினில் ஏதோ சரி செய்கிறாள் என்று நினைத்தேன். காத்திருந்தேன். கண்ணைத் திறக்க வேண்டும் போல இருந்தது. தோளை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும், ஆரம்பித்துவிட்டாளா என்று மட்டும் தெரிந்துகொள்ளலாம். திறக்கவில்லை. பொத்தான் வேர்வையில் வழுக்கியது.

கதவு திறந்து தோளில் கை விழுந்தது.

"எப்பம்மா ஆரம்பிப்பீங்க?" என்றேன்.

அவள் குனிந்து, என் வலது காதுப் பக்கம் வந்து சொன்னாள். "முடிஞ்சிருச்சு சார். எல்லாமே விட்டுட்டேன். ரெண்டு தடவ விட்டேன்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அழுதேன். பக்கத்தில் ரத்தம் கொடுத்துவிட்டு ஒருவன் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். எனக்கும் ஒன்று கொடுத்தான்.

பிப்ரவரி 7, வெள்ளி

ரிசல்ட் வந்தது. கன்னைத் துடைத்து, எண்ணெய் போட்டு, ஒப்படைத்தேன்.

பிப்ரவரி 12, புதன்

ஸ்டோர் இல்லை, பெஞ்ச் வேலை கொடுத்திருக்கிறார்கள். வைஸ், அரம், கத்தரி. சத்தமில்லாத மூலை. போன வருஷம் எப்படி முதல் தரம் வந்தது என்று முஹ்சின் சார் எழுதிக் கேட்டார், எழுதிக் கொடுத்தேன். அதற்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வரும். வரட்டும்.

ஜெசிந்தாவுக்கு அனுமதி திரும்பக் கிடைத்துவிட்டது. குறி விழுந்த காரணத்தை மறைத்ததற்கு அவளுக்கும் ஒரு வாய் எச்சரிக்கை உண்டு, பேப்பரில் இல்லை. இப்போது அவள் கன் பிடிக்கிறாள். உள்ளே உட்காரப் புதிதாக ஒரு பெண்ணைப் போட்டிருக்கிறார்கள். ஜெசிந்தா இரண்டு காதையும் மூடிக்கொண்டு, தட்டுக்குப் பதில் ஒரு சின்ன விளக்கைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். உள்ளேயிருந்து பொத்தானை அழுத்தினால் அவள் கண்முன்னே எரிகிறது. முஹ்சின் சாரிடம் அவளே கேட்டு வாங்கியது. இது எனக்கு ஏன் தோன்றவில்லை? எனக்குத்தான் எல்லாம் நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்ததே.

என்னிடம் பேசுவதில்லை. பெஞ்சைத் தாண்டிப் போகிறாள், திரும்பிப் பார்ப்பதில்லை. சொல்லாதீர்கள் என்றாள், சொன்னேன். கோபப்பட அவளுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் கஷ்டமாக இருக்கிறது.

பிப்ரவரி 18, செவ்வாய்

இந்த வேலையில் கழுத்து வலி இல்லை. சாயங்காலம் வண்டு ரீங்காரம் மட்டும் தொடர்கிறது. அது போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காது மெஷின் அடுத்த மாசம் வரும்.

இன்று ஒரு மூலைத் தகட்டை வைஸில் கடிக்க வைத்து ராவிக்கொண்டிருந்தேன். நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் ஜெசிந்தா, கையில் இரண்டு டீ. பக்கத்தில் ஷியரிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கிளாஸை என் பக்கம் வைத்துவிட்டு ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது, அவ்வளவுதான் தெரிந்தது. சரி சரி என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"கேக்கலம்மா" என்றேன். "இன்னொரு தபா சொல்லு."

அவள் கிளாஸைக் கீழே வைத்தாள். பெஞ்சைச் சுற்றிக்கொண்டு என் வலது பக்கம் வந்து நின்றாள்.

"டீ ஆறுதுண்ணே, குடிங்கன்னு சொன்னேன்."

குடித்தேன். சர்க்கரை கொஞ்சம் அதிகம்.